உஸ்மான் சாலையிலிருந்து தீனதயாளு தெரு வரை



ரமளானின் கடைசிப் பத்து தொடங்குமுன் பெருநாள் துணிகளை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இவ்வாண்டும் அவ்வாறே தியாகராய நகருக்குச் சென்றிருந்தோம். ரங்கநாதன் தெருவின் நெரிசலிலிருந்து மீண்டு உஸ்மான் சாலையின் ஓரத்தில் மூட்டைகளோடு நின்றபோது, உடன் வந்திருந்த எங்கள் நாத்தனார் மகள் கேட்டாள்: "மாமா, தீனதயாளு தெரு இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

அத்தெருவில் துணிக்கடை எதுவும் எங்களுக்கு நினைவில்லை. எதற்கென்று வினவினோம். சாண்டில்யனின் நூல்களை வெளியிடும் வானதி பதிப்பகம் அங்கேதான் உள்ளது என்றாள். சற்றுத் தயங்கிவிட்டு, தான் ஒரு நாவல் எழுதி முடித்திருப்பதாகவும் சொன்னாள். முப்பத்தொரு அத்தியாயங்கள். கீழக்கரை வீடொன்றில் பினாங்கிலிருந்து வந்த பெட்டி காணாமற் போகிறது. வீட்டை விட்டு வெளியே வராத ஒரு மாமி, வந்து போகிறவர்களின் பேச்சைக் கேட்டே அதைக் கண்டுபிடிக்கிறாள். இதுதான் கதை. விருது பெறும் நோக்கம் அவளுக்கு இல்லை. ஓர் அத்தியாயம் முடிந்தால் அடுத்ததைப் படிக்காமல் வாசகர் உறங்கக்கூடாது, அவ்வளவுதான் தனக்கு வேண்டும் என்றாள்.

நாங்கள் என்ன விடை கூறினோம் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "நோன்பு திறக்கும் நேரமாகிறது, பிறகு பார்க்கலாம்" என்றோம். நேரம் ஆகவில்லை, மணி நாலரைதான். நாங்கள் நின்றிருந்த சாலையோ, 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முகம்மது உஸ்மானின் பெயரைத் தாங்கியது. சற்றுத் தொலைவில் சர் முகம்மது ஹபீபுல்லாவின் பெயரில் இன்னொரு சாலை. அந்நகரின் தெருப்பலகைகளில் நம்மவர் பெயர்கள் உண்டு. அந்நகரின் பதிப்பகங்களுக்குள் நம் வீட்டுப் பெண் ஒருத்தி நுழைய விரும்பினால் மட்டும் நமக்கு இஃப்தார் நேரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அன்றிரவு தொடங்கிய யோசனையே இக்கட்டுரை.

நம் வீடுகளில் நாவல் வாசிப்பு இல்லாமலில்லை. எங்கள் உம்மாவின் பெட்டியில், மௌலூது கிதாபுக்கும் துஆ ஏடுகளுக்கும் அடியில், குமுதத்தில் வாராவாரம் வந்த தொடர்கதையின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த கனத்த கட்டு ஒன்று இருந்தது. மேலட்டையாக ஒரு பழைய ரமளான் கால அட்டவணையை ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருந்தது 'கடல் புறா'. வாப்பா அதை அறிந்திருந்தார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. அறிந்திருப்பார்கள் என்றே இப்போது தோன்றுகிறது. ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் அக்கட்டு இடம் மாறியிருக்கும். நூலைத் தேடியவர்கள் இருவர் இருந்தாலொழிய அது நிகழாது.

சாண்டில்யனின் வாழ்க்கையைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1910இல் பிறந்த பாஷ்யம் அய்யங்கார் அவர். கல்லூரிப் படிப்பு முடிந்து தியாகராய நகரில் வந்து குடியேறியபோது, அண்டையில் வசித்த கல்கியும் வெ. சாமிநாத சர்மாவும் அவரை எழுதத் தூண்டினார்கள். முதற்கதை ஆனந்த விகடனில் வெளியாயிற்று. பிறகு சுதேசமித்திரனில் செய்தியாளர் வேலை, திரைப்பட உலகின் பழக்கம், அதன்பின் குமுதம். தொடர்கதை எழுதுவதற்கென்று மாதச் சம்பளம் பெற்ற வெகுசிலருள் அவர் ஒருவர். 'யவன ராணி', 'கடல் புறா', 'ராஜ முத்திரை' என்று அவர் எழுதியவை வாரந்தோறும் வெளிவந்து, பிறகு பெரும் பெரும் பாகங்களாக வானதியின் வெளியீடுகளாயின. 1987இல் அவர் காலமானார். இன்றும் புத்தகக் காட்சிகளில் அப்பாகங்கள் அடுக்கிவைக்கப்பட்டு விற்கின்றன. இத்தனைக்கும் அவரே தொடங்கிய 'கமலம்' இதழ் நிலைக்கவில்லை. பெருங்கூட்டம் தன் எழுத்துக்காகக் காத்திருந்த காலத்தைக் கண்டவருக்கும் சொந்தத் தொழிலில் கை சுட்டது என்பது, எழுத்தை எளிய வருமானம் என்று கருதும் இளைஞர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி.

'கடல் புறா'வை எங்கள் உம்மா ஏன் அவ்வளவு பத்திரப்படுத்தினார்கள் என்று பலமுறை எண்ணியிருக்கிறோம். அதன் நாயகன் கலிங்கத்துப் பாலூரிலிருந்து கடாரத்துக்குக் கப்பலேறுகிறான். அவனுடைய உற்ற துணைவர்களுள் ஒருவன் அமீர் என்னும் அரபு நாட்டவன். கடாரம் என்பது இன்றைய கெடா. அதற்கு எதிரே கடலில் கிடப்பது பினாங்குத் தீவு. எங்கள் வாப்பாவும் அவருடைய வாப்பாவும் கடை வைத்துப் பிழைத்த தீவு அது. நாகூர் தர்காவின் சாயலில் ஒரு தர்காவைக் கட்டும் அளவுக்கு நம் மக்கள் அங்கே வேரூன்றியிருந்தார்கள். கணவர் இருக்கும் கரையை ஒருபோதும் காணாத ஒரு பெண், அக்கரைக்கு எப்படிப் போவது, அங்கே காற்று எத்திசையில் வீசும் என்பதையெல்லாம் ஒரு தொடர்கதையில் தேடியிருக்கிறார்கள் என்றே நாங்கள் நம்புகிறோம்.

இங்கேதான் நமக்குரிய கேள்வி எழுகிறது. கடல் நம்முடையதாக இருந்தது. மரக்கலமும் மரைக்காயர் பட்டமும், காற்றின் பெயர்களும் துறைகளின் கணக்கும் நம்மிடம் இருந்தன. கடல் நாவலை எழுதியவர் தியாகராய நகரில் குடியிருந்த ஓர் அய்யங்கார். அவர் எழுதியதில் குறையில்லை. நாம் எழுதாததுதான் குறை.

தொடக்கம் நமக்கு இல்லாமற் போகவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகள் கழித்து, 1885இல், கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை 'அசன்பே சரித்திர'த்தை வெளியிட்டார். தமிழின் மிக முற்பட்ட நாவல்களுள் ஒன்று அது. முஸ்லிம் நேசன் இதழை நடத்திய கல்வியாளர் ஒருவர், சமூகத்துக்குச் சொல்ல வேண்டியதைக் கதையாகவும் சொல்லலாம் என்று துணிந்தார். அதற்கு முன்பும் நம்மிடையே கதைக்குப் பஞ்சமில்லை. கிஸ்ஸா என்றொரு இலக்கிய வகையையே தமிழுக்கு நாம் கொடுத்திருக்கிறோம். யூசுபு நபியின் கிஸ்ஸாவை இரவில் ஒருவர் இசையோடு படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட வீடுகள் இருந்தன. அந்நாளின் பெருவாரியான வாசகரைக் கொண்ட இலக்கியம் எதுவென்று கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும்.

பிறகு 1938. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம், 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றுபோன பெண்மணி. அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் உ.வே. சாமிநாதையர். ஏட்டுச்சுவடிகளின் பெரியவர், நாகூர்ப் பெண் ஒருத்தியின் கதைநூலை மதித்தார்.

அதே காலத்தில் திருவல்லிக்கேணியில் வை.மு. கோதைநாயகி இருந்தார். அவரும் பள்ளிக்குப் போகாதவர். தொடக்கத்தில் தாம் சொல்லச் சொல்லத் தோழி எழுதிக்கொடுத்து நாடகம் படைத்தவர். 'ஜகன்மோகினி' இதழைத் தாமே நடத்தி நூற்றுப் பதினைந்து நாவல்களை எழுதினார். ஜுனைதா பேகமோ சில நாவல்களும் கட்டுரைகளுமாக நின்றுவிட்டார். இருவருக்கும் அறிவில் ஏற்றத்தாழ்வு இருந்ததாக நாங்கள் கருதவில்லை. ஒருவருக்கு ஓர் இதழும், அதைக் காசு கொடுத்து வாங்கும் பெண்களும் இருந்தார்கள். மற்றவருக்கு வாழ்த்துகள் இருந்தன. வாழ்த்தைக் கொண்டு இரண்டாம் பதிப்பு போட முடியாது.

மார்க்கத்தின் பெயரால் எழும் மறுப்பை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. லுக்மான் அத்தியாயத்தின் ஆறாவது வசனத்தைச் சுட்டி, வீண் கதைகளை விலைக்கு வாங்குவோரை அல்லாஹ் கண்டித்திருக்கிறான் என்று மச்சான் சொன்னார். அந்தப் பெண்ணின் வாப்பா அவர். சரியான வசனம்தான். விரிவுரையாளர்கள் அதனோடு நள்ரு இப்னு ஹாரிஸின் செய்தியைச் சேர்த்துச் சொல்கிறார்கள். பாரசீகத்து ருஸ்தம் கதைகளைக் கொண்டுவந்து, மக்கள் குர்ஆனைக் கேட்காதபடி தன் பக்கம் இழுத்தவன் அவன். ஆனால் மக்களை இறைவழியிலிருந்து பிறழச் செய்வதற்காக என்ற நோக்கத்தையும் அவ்வசனமே சேர்த்துக் கூறுகிறது. கண்டனம் அந்நோக்கத்தின் மேல் விழுகிறது. யூசுபு நபியின் வரலாற்றை மிக அழகிய வரலாறு என்று அறிமுகப்படுத்தும் வேதம், கதை என்னும் வடிவத்தையே வெறுக்கிறது என்று எவ்வாறு கொள்வது? கிஸ்ஸா பாடிய முன்னோர்கள் இவ்வசனத்தை அறியாதவர்களா?

இதைச் சொல்வதால் கடையில் தொங்கும் ஒவ்வொரு மாத நாவலுக்கும் நாங்கள் சான்று கொடுப்பதாக எண்ண வேண்டாம். பேருந்து நிலையத்தில் வாங்கி, அட்டையைக் கிழித்தெறிந்த பின்னரே வீட்டுக்குள் கொண்டுவந்த நாவல்கள் உண்டு. உள்ளே கதை ஒழுங்காகவே இருக்கும். அட்டைப்படம் மட்டும் வேறொரு கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொரு கவலை படிப்பைப் பற்றியது. கதை எழுதினால் படிப்பு கெடும் என்கிறோம். திரிபுரசுந்தரி என்னும் மாணவி, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயிலும்போது பணமுடை வந்து, ஆனந்த விகடனுக்குக் கதை எழுதி அவ்வருவாயில் படிப்பைத் தொடர்ந்து மருத்துவரானார். தமிழ்நாடே அவரை 'லட்சுமி' என்ற பெயரில் அறிந்தது. பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய அவருக்கு, 1984இல் சாகித்திய அகாதெமி விருதும் கிட்டியது. சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பொறியாளர். தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வணிகர். புகழ்பெற்றவர்களுள் பலர் ஒரு கையில் தொழிலை வைத்துக்கொண்டே மறுகையால் எழுதியிருக்கிறார்கள். எழுத்தை மட்டுமே நம்பி நின்றவர்களின் உழைப்போ மலைக்க வைக்கும். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமாரைப் போல. சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்று இதை அழைப்பவர்கள், மாதம் தவறாமல் சில நாவல்களைக் கெடு தேதிக்குள் முடித்துக் கொடுத்துப் பார்க்கட்டும்.

பணம் பற்றியும் பேச வேண்டும். நம்மவர்கள் நூலை அன்பளிப்பாகப் பெறவே விரும்புகிறோம். திருமண அழைப்பிதழுக்குச் செலவிடும் தொகையில் நூறில் ஒரு பங்கு நாவலுக்குச் செல்வதில்லை. நம் முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுவதற்கு வள்ளல் சீதக்காதியும், அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் பொருளுதவி செய்தார்கள். கப்பல் வணிகத்தின் ஆதாயத்தில் ஒரு பகுதி தமிழ்நூலுக்குச் சென்றது. சாண்டில்யனுக்குக் குமுதம் கொடுத்த மாதச் சம்பளத்தை எண்ணும்போது எங்களுக்கு அபுல் காசிம்தான் நினைவுக்கு வருகிறார். எழுதுகிறவனுக்கு அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிய கவலை இருக்கக்கூடாது என்பதை இருவகைப் புரவலர்களும் புரிந்துவைத்திருந்தார்கள்.

எழுத்தும் ஒரு சொத்து. மீராஸாக இறங்கக்கூடிய சொத்து. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை அவருடைய நூல்களின் பதிப்புரிமை வாரிசுகளைச் சேரும். 2009இல் தமிழக அரசு சாண்டில்யனின் நூல்களை நாட்டுடைமையாக்க முன்வந்தபோது, அவருடைய வாரிசுகள் இணங்கவில்லை. பரிவுத்தொகையைவிட அந்நூல்களின் விற்பனை மதிப்புடையது என்று அவர்கள் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை. நம் பக்கத்திலோ, காலமான எழுத்தாளர் ஒருவரின் கையெழுத்துப் படிகளை வீடு மாற்றும்போது பழைய தாள்காரருக்கு எடைக்குப் போட்ட குடும்பத்தை நாங்கள் நேரில் அறிவோம். அக்குடும்பத்தில் நிலத்துக்கும் நகைக்கும் ஃபராயிள் கணக்குப் பார்த்தவர்கள், காகிதக் கட்டுகளைச் சொத்தென்றே கருதவில்லை. கடன் கொடுக்கல் வாங்கலைத் தவறாமல் எழுதி வைக்கச் சொல்லும் அல் பகராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்டது. பதிப்பாளரிடம் எழுத்து ஒப்பந்தம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நாணும் நம் எழுத்தாளர்கள் அதை மறுமுறை ஓதலாம்.

இன்னுமொன்று, இதுதான் எங்களை மிகவும் உறுத்துவது. வெகுசன நாவலில் நாம் எவ்வாறு தோன்றுகிறோம்? ஸ்ரீவேணுகோபாலன் எழுதிய 'திருவரங்கன் உலா' பெரும் வரவேற்பைப் பெற்ற சரித்திர நாவல். புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் முற்றிலும் வேறு வகைக் கதைகளை எழுதியவரும் அவரே. பதினான்காம் நூற்றாண்டில் டில்லிப் படை வந்தபோது திருவரங்கத்து உற்சவமூர்த்தியை ஊர் ஊராகக் கொண்டுசென்று காத்தவர்களின் கதை அது. பக்தியோடு எழுதப்பட்டது, அதில் நியாயமும் உண்டு. ஆயினும் பன்னிரண்டு வயதில் அதைப் படிக்கும் நம் பிள்ளை, தன் பெயரைப் போன்ற பெயர்களை எதிரிப்படையில் மட்டுமே காண்கிறான். சமூகக் கதைகளில் வரும் பாய், பிரியாணிக்கோ அத்தருக்கோ ஒரு பக்கம் வந்துவிட்டுப் போய்விடுவார்.

இதற்குக் கண்டனக் கூட்டம் போடுவதில் பயனில்லை. அந்நாவலாசிரியர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் எழுதினார்கள். நம் அடுக்களையில், திண்ணையில், கடையின் பின்கட்டில் நடப்பது எதுவும் அவர்களுக்குத் தெரியாது, நாம் சொல்லியதுமில்லை. ஜே.எம். சாலி விகடனில் பணியாற்றிய காலத்தில் நம் குடும்பங்களைப் பொது வாசகருக்கு அறிமுகப்படுத்தினார். மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசில் தொடராக வந்து 1988இல் நூலாயிற்று. இவர்களைப் பெருமையோடு மேடைகளில் பேசுகிறோம். நூலில் நம் குறையைச் சுட்டும் பக்கம் வந்தவுடன் முகம் மாறிவிடுகிறது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தபோது எங்கள் வட்டத்தில் நடந்த பேச்சு முழுவதும், வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்லலாமா என்பதைப் பற்றியே இருந்தது. நாவலை முழுதும் படித்தவர் எங்களுள் ஒருவரோ இருவரோதான். நம் எழுத்தாளரிடம் நாம் பயானை எதிர்பார்க்கிறோம். அது கிடைக்காவிட்டால் துரோகம் என்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே, மழைநாளில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு படிக்கும் ஒரு நல்ல துப்பறியும் கதைக்கு இடமே விடுவதில்லை.

பெருநாள் கழிந்த மறுவாரம், ஷவ்வால் ஆறு நோன்பும் முடிந்தபின், அவளை அழைத்துக்கொண்டு மீண்டும் தியாகராய நகர் சென்றோம். இம்முறை துணிக்கடைப் பக்கம் திரும்பவில்லை. தீனதயாளு தெருவில் 'கடல் புறா'வின் மூன்று பாகங்களையும் வாங்கினோம். உம்மாவின் கட்டில் கடைசி நாற்பது பக்கங்கள் செல்லரித்துப் போயிருந்தன. தணிகாசலம் சாலையில் தமிழ்வாணன் தொடங்கிய மணிமேகலைப் பிரசுரத்தையும் அவள் வெளியிலிருந்து பார்க்க விரும்பினாள். அவருடைய சங்கர்லாலைப் படித்துத்தான் துப்பறியும் கதையின் கணக்கு தனக்குப் பிடிபட்டது என்றாள். எங்களுக்குத் தெரியாமல் எப்போது படித்தாள் என்று கேட்கவில்லை. அட்டவணை ஒட்டிய கட்டு எங்கே இருந்தது என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

கையெழுத்துப் படியை மச்சான் இரண்டு இரவுகளில் படித்து முடித்துவிட்டார். பெட்டியை எடுத்தவர் யாரென்று இருபதாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார், அவள் நம்பவில்லை. அச்சிடுவதில் அவருக்கு இப்போது மறுப்பில்லை. அட்டையில் புனைபெயர் மட்டும் போட வேண்டும் என்கிறார். பாஷ்யம் சாண்டில்யன் ஆனார், திரிபுரசுந்தரி லட்சுமி ஆனார், ரங்கராஜன் சுஜாதா ஆனார், ராஜகோபால் ராஜேஷ்குமார் ஆனார். துவரங்குறிச்சியில் மறைவாக எழுதிய சல்மாவுக்கும் அது புனைபெயரே என்று, எங்களிடம் கேட்டறிந்த பட்டியலையே எங்களிடம் வாதமாக வைக்கிறார். அதில் வலுவில்லை என்று சொல்ல முடியவில்லை. அவளோ 1938ஆம் ஆண்டு நாகூரிலிருந்து வந்த நூலின் அட்டையில் என்ன பெயர் இருந்தது என்று மட்டும் கேட்கிறாள்.

சென்ற ஜுமுஆவுக்குப் பின்னும் அதைப் பற்றிப் பேசினோம். பதிப்பாளரிடம் படி போய்விட்டது. தலைப்புப் பக்கத்தில் பெயருக்குரிய இடம் இன்னும் வெற்றாக இருக்கிறது.